இன்னும் ஒரே ஓர் அறைதான் மீதம்

அனுப்புநர்: ஊட்டிக்கு இன்னும் கிளம்பாத ஒரு குடும்பத் தலைவர், திருச்சி.

பெறுநர்: தலைமை ஆணையர் அவர்கள், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி.

பொருள்: கோடை விடுமுறைப் பயணம் – தங்குமிடம், சாப்பாடு, வாடகைக் கார் ஆகியவற்றைக் கணினி நிரல் மூலம் ஒப்பிட்டது – மேற்படி நிரலின் சீரிய முறைகளை அரசு அலுவலகங்களுக்கும் விரிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆணையத்தின் டார்க் பேட்டர்ன் தடுப்பு வழிகாட்டுதல்கள், நாள் 30.11.2023.

ஐயா,

பார்வையில் கண்ட வழிகாட்டுதல்களை மனுதாரர் ஒரு வரி விடாமல் படித்துப் பூரித்துப் போயிருக்கிறார். இணைய வியாபாரத்தின் தில்லுமுல்லுகளை 13 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, உதாரணமும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த உதாரணங்களில் பயணத் தொழிலுக்குக் கிடைத்திருக்கும் மரியாதை சாதாரணமானதல்ல. இன்னும் இரண்டே அறைதான், 30 பேர் இதே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொய்யாக அவசரப்படுத்துவது அதில் இருக்கிறது. விமான டிக்கெட் வாங்குகிறவரின் கணக்கில் கேட்காமலே பயணக் காப்பீட்டைச் சேர்த்துவிடுவது இருக்கிறது. காப்பீடு வேண்டாம் என்றால், பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன் என்று எழுதிய பட்டனை அவர் கையாலேயே அழுத்த வைப்பதும் இருக்கிறது. தொழில் பழக நினைக்கும் இளைஞருக்கு இதைவிடத் தெளிவான பாடப்புத்தகம் கிடைக்காது. விலையும் இல்லை, அரசிதழில் இலவசம்.

மனுதாரர் ஊட்டிக்குப் போக நினைத்தார். மூன்று நாள், நான்கு பேர், ஓர் அறை, ஒரு கார், மூன்று வேளையும் வயிற்றைக் கெடுக்காத சாப்பாடு. முன்பெல்லாம் இதற்கு ஏற்கெனவே போய்வந்த மாமா ஒருவரைக் கேட்டால் போதும். மாமாவுக்கு ஒரே ஒரு லாட்ஜ்தான் தெரியும், அதன் மேனேஜரையும் தெரியும். இப்போது எல்லா லாட்ஜையும் ஒரே திரையில் வரிசையாக நிறுத்திக் காட்டும் செயலி வந்துவிட்டது. வரிசையின் தலையில் ஓர் அறை. 5,499 ரூபாய் என்று எழுதிச் சிவப்புக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 1,999. அதற்குக் கீழே, ஊட்டியில் இந்த விலையில் இன்னும் ஒரே ஓர் அறைதான் மீதம் என்ற எச்சரிக்கை. “ஏங்க, அடுத்தவன் எடுத்துடப் போறான், சீக்கிரம் அமுக்குங்க” என்று வீட்டில் குரல். பணம் கட்டும் பக்கத்தில் வரி சேர்ந்தது, முறைதான். அதன்பின் வசதிக் கட்டணம். யாருடைய வசதி என்று விளக்கம் இல்லை. பிறகு, டிக் அடித்தபடியே வந்த ஒரு நன்கொடை. கடைசியில் நுண்ணிய எழுத்தில் லாட்ஜின் நிபந்தனைகள்: வெந்நீர் காலை 6 முதல் 9 வரை; ரூம் ஹீட்டர் வேண்டுமானால் தனிக் கட்டணம், கவுன்டரில் ரொக்கமாக. ஊட்டியில் ஹீட்டர் இல்லாத அறையை அறை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்பதை ஆணையம்தான் தீர்மானிக்க வேண்டும். ஏரிக்கு 1.2 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது காக்கைக்குச் சரி. மலைப் பாதையில் வளைந்து இறங்கும் மனிதருக்கு அது வேறு கணக்கு.

இந்த நிரல்கள் நேற்று முளைத்தவை என்று யாரும் குறைவாக எண்ணிவிடக் கூடாது. பாரம்பரியம் உள்ள குடும்பம். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் சேபர் என்ற முன்பதிவுக் கணினியை ஓட்டத் தொடங்கின. 1976 முதல் அதன் முனையங்கள் பயண ஏஜென்டுகளின் மேசைக்கே போயின. எல்லா நிறுவனங்களின் விமானங்களும் ஒரே திரையில். ஆனால் திரையின் சொந்தக்காரர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ். ஏஜென்டுகள் பாதிக்கு மேற்பட்ட தடவை முதல் வரியில் இருக்கும் விமானத்தையே எடுக்கிறார்கள், 92 சதவீதத் தடவை முதல் திரையைத் தாண்டுவதே இல்லை என்று அந்த நிறுவனமே 1982-ல் கண்டறிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நியூயார்க் ஏர் என்ற சின்ன நிறுவனம் டெட்ராய்ட்டுக்குத் தினமும் எட்டு விமானங்கள் விட்டிருந்தது. அவை திரையின் அடிவரிசைக்கு இறங்கின, முன்பதிவு வற்றியது, எட்டும் நின்றுபோயின.

அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் ராபர்ட் கிராண்டல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இதை மறைக்கவே இல்லை. எங்கள் விமானத்தை முன்னால் காட்டத்தானே இவ்வளவு செலவு செய்து இந்த இயந்திரத்தைக் கட்டினோம் என்கிற பொருளில் பேசினார். மனுதாரருக்கு அவர்மேல் பெரிய மரியாதை. அவருக்குப் பின் இந்தத் தொழிலில் அவ்வளவு வெளிப்படையாகப் பேசியவரை மனுதாரர் கேள்விப்படவில்லை. 1984-ல் அமெரிக்க அரசு இந்தத் திரைப் பாரபட்சத்துக்குத் தடை போட்டது. 2004-ல் அந்த விதிகளையே கைவிட்டது. அதற்குள் திரை ஏஜென்டின் மேசையை விட்டு மக்களின் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

பிள்ளைகள் பாட்டனை மிஞ்சினார்கள். ட்ரிவாகோ என்ற ஒப்பீட்டுத் தளம், விலை குறைந்த அறையைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி ஆஸ்திரேலியாவில் ஓயாமல் விளம்பரம் செய்தது. அங்குள்ள நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. வரிசையைத் தீர்மானித்ததில், ஒவ்வொரு கிளிக்குக்கும் தளத்துக்கு யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதற்குக் கணிசமான பங்கு இருந்தது என்று 2020 ஜனவரியில் நீதிமன்றம் கண்டது. மூன்றில் இரண்டு பங்கு பட்டியல்களில், குறைந்த வாடகை வேறு இடத்தில் இருந்தபோதே கூடுதல் வாடகைதான் உச்சியில் நின்றிருக்கிறது. கோடு போட்டு அடித்த விலைக்கும் விளக்கம் கிடைத்தது. சாதாரண அறையின் விலையை அதே ஹோட்டலின் சொகுசு அறை விலையோடு ஒப்பிட்டுத் தள்ளுபடி போலக் காட்டியிருந்தார்கள். 2022-ல் அபராதம் 4 கோடியே 47 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். மனுதாரரின் 5,499 எந்த அறையின் விலை என்பது இதுவரை தெரியவில்லை; மாப்பிள்ளை அழைப்புக்கு ஒதுக்கி வைத்த அறையாக இருக்கலாம்.

ஆளைப் பார்த்து இலை போடும் கலையும் இந்த நிரல்களுக்குக் கைவந்திருக்கிறது. மேக் கணினி வைத்திருப்பவர்கள் ஓர் இரவுக்கு 30 சதவீதம் வரை கூடுதலாகச் செலவழிக்கிறார்கள் என்று ஆர்பிட்ஸ் என்ற பயணத் தளம் கண்டுகொண்டு, அவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டியதாக 2012-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. ஒரே அறையை இரண்டு விலைக்கு விற்கவில்லை என்றது நிறுவனம். அதுவும் உண்மைதான், எந்த அறை முதலில் கண்ணில் படுகிறது என்பதை மட்டும்தான் மாற்றினார்கள். இங்கே 2025 ஜனவரியில், ஐபோனுக்கு ஒரு கட்டணம், ஆண்ட்ராய்டுக்கு ஒரு கட்டணமா என்று ஓலாவுக்கும் ஊபருக்கும் தங்கள் ஆணையமே நோட்டீஸ் அனுப்பியது. இரு நிறுவனங்களும் மறுத்தன. மனுதாரர் முன்னெச்சரிக்கையாக, திரை கீறிய பழைய ஆண்ட்ராய்டு போனிலேயே இனி எல்லா வேலையும் செய்வது என்று முடிவெடுத்திருக்கிறார்.

செயலி வேண்டாம், லாட்ஜுக்கே நேராகப் போன் போட்டுக் குறைவாகக் கேட்கலாமே என்று தாங்கள் சொல்லலாம். அந்தக் கதவும் சாத்தப்பட்டிருந்தது. அவரவர் சொந்தத் தளத்திலோ வேறு தளத்திலோ குறைந்த விலை சொல்லக் கூடாது என்று மேக்மைட்ரிப்–கோஐபிபோ கூட்டு ஹோட்டல்காரர்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. ஓயோவுக்குப் போட்டியான ஃபேப்ஹோட்டல்ஸும் ட்ரீபோவும் பட்டியலிலிருந்தே காணாமற்போயின. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப் கூட்டுக்கு 223.48 கோடி, ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அந்த நிபந்தனையை நீக்கச் சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. எல்லாக் கடையிலும் ஒரே விலை இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, பிறகு அந்தக் கடைகளை ஒப்பிட்டுக் காட்டுவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்!

கார் விஷயத்தில்தான் செயலியின் கற்பனைத் திறன் முழுதாக வெளிப்பட்டது. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று முதல் வரி. திருச்சியிலிருந்து ஊட்டி போக வரச் சுமார் 600 கிலோமீட்டர். 8,400 ரூபாய் என்று மனுதாரர் விரலை மடக்கினார். டிராவல்ஸ்காரர் வேறு விரலை மடக்கினார். வண்டி ஓடினாலும் நின்றாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு. மூன்று நாளுக்கு 750. அதோடு, மனுதாரர் வீட்டு வாசலில் கணக்கு ஆரம்பிப்பதில்லை; வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பும்போதே மீட்டர் ஓடத் தொடங்கி, திரும்ப ஷெட்டுக்குள் நுழையும்வரை ஓடும். டிரைவர் பேட்டா தனி. இரவு பத்து மணியைத் தாண்டினால் இன்னொரு பேட்டா. டோல் தனி, பார்க்கிங் தனி, மலை ஏறுவதற்கு ஒரு கட்டணம் தனி. மசினகுடி வழியாக அப்படியே முதுமலையைத் தாண்டிக் கர்நாடகத்தில் கால் வைத்துவிட்டு வரலாம் என்று பையன் ஆசைப்பட்டால் பெர்மிட் தனி. ஏசி கார் என்று போட்டிருந்ததே என்று கேட்டதற்கு, “மலை ஏறும்போது ஏசி போட்டா வண்டி இழுக்காதுண்ணே, கண்ணாடிய இறக்கிக்கங்க, காத்து ஜில்லுனு வரும்” என்றார் டிரைவர். பேசியவர்களிலேயே நேர்மையாகத் தகவல் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்ன எதுவும் ஒப்பீட்டுப் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

தானே ஓட்டிப் போகும் காருக்கும் அதே செயலி ஆசை காட்டியது. அப்படி வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். படத்தில் இருந்ததோ வெள்ளைப் பலகை, யாரோ ஒருவரின் சொந்தக் கார். நம்பர் பிளேட்டை ஒப்பிடும் வசதி அடுத்த பதிப்பில் வருமென்று நம்பலாம். இ-பாஸ் பற்றியும் செயலிக்குத் தெரியவில்லை. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. பாஸ் இலவசம். கமிஷன் கிடைக்காத ஒன்றை நிரல் எதற்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

சாப்பாட்டுக்கு வருவோம். நட்சத்திரங்களை நம்பி இலையில் உட்காருவது என்று மனுதாரர் தீர்மானித்திருந்தார். பிறகு லண்டன் கதையைப் படித்தார். 2017-ல் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்தார். ஷேவிங் நுரையை வைத்துப் பலகாரம்போலப் படமெடுத்தார். நண்பர்கள் பாராட்டி எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் லண்டனின் முதலிடத்து உணவகம் அந்தக் கொட்டகைதான். இடம் கேட்டு ஓயாமல் போன் வந்தது. ஒருவருக்கும் ஒரு கவளம் பரிமாறாமல் எடுத்த முதலிடம். இப்படி இங்கே நடந்துவிடக் கூடாதென்றுதான் 2022-ல் நுகர்வோர் துறை, இணைய விமர்சனங்களுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். ஹெல்மெட்டையும் இப்படி விருப்பத்துக்கு விட்டிருந்தால் போக்குவரத்துக் காவலர்களுக்கு எவ்வளவு ஓய்வு கிடைத்திருக்கும்!

2025 ஜூனில் தங்கள் ஆணையம் எடுத்த நடவடிக்கையை மனுதாரர் தனியாகப் பாராட்ட விரும்புகிறார். மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்து, தங்களிடம் டார்க் பேட்டர்ன் எதுவும் இல்லை என்று உறுதிமொழி தருமாறு இணைய வணிக நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டீர்கள். நவம்பரில் 26 நிறுவனங்கள் அப்படியே உறுதிமொழி கொடுத்துவிட்டதாக அறிவிப்பும் வந்தது. பத்தாம் வகுப்பு கணக்குத் தேர்வுக்கு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தால் மாநிலத்தில் தோல்வி என்ற சொல்லே இருக்காது. வருமான வரித் துறையும் யோசிக்கலாம்.

ஆகவே இத்தனை சிறப்புகளும் தனியாரிடம் மட்டும் முடங்கிக் கிடப்பது நியாயமல்ல என்று மனுதாரர் கருதுகிறார். ரேஷன் கடை வாசலில், இப்போது 43 பேர் இந்தப் பாமாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பலகை வைக்கலாம். தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறுதல் கட்டணத்தை முதலில் 60 ரூபாய் என்று காட்டி, கவுன்டரை நெருங்க நெருங்க வசதிக் கட்டணம், முத்திரைக் கட்டணம், நாற்காலிக் கட்டணம் என்று சொட்டுச் சொட்டாகச் சொல்லலாம். சில அலுவலகங்களில் இது நெடுங்காலமாகவே நடைமுறையில் இருப்பதால் பயிற்சிச் செலவும் மிச்சம். மின் இணைப்பு விண்ணப்பத்தில், காப்பீடு வேண்டாம், என் குடும்பம் இருட்டில் இருக்கட்டும் என்றொரு கட்டம் சேர்க்கலாம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மனுதாரருக்குப் புரியவில்லை. 2022-ல் வந்த உத்தரவுப்படி மத்திய அரசு ஊழியர் அரசுச் செலவில் விமானத்தில் போவதென்றால் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி என்று மூன்றே இடத்தில்தான் டிக்கெட் எடுக்க முடியும். முடிந்தவரை 21 நாள் முன்பே, இருப்பதில் குறைந்த கட்டணத்தில் எடுக்க வேண்டும். விடுப்புச் சலுகைப் பயணமென்றால், கட்டணம் தெரியும் பக்கத்தை அச்செடுத்தும் வைத்திருக்க வேண்டும். சொந்தப் பணம் என்று வரும்போது அரசு எவ்வளவு கவனமாக இருக்கிறது! நுகர்வோருக்கு நல்லது என்று விட்டுவைத்திருக்கும் இந்த ஒப்பீட்டுச் சந்தையில் தன் ஊழியரை மட்டும் ஏன் இறங்க விடுவதில்லை?

எனவே தலைமை ஆணையர் அவர்கள் அடுத்த கோடையில் ஊட்டி முகாமுக்கு வரும்போது, மேற்படி செயலியிலேயே அறையும் காரும் எடுத்து, கண்டதைக் கோப்பில் பதிவு செய்யுமாறு மனுதாரர் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார். ஹீட்டர் வாடகைக்கு லாட்ஜில் ரசீது தரமாட்டார்கள். டிரைவர் பேட்டாவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று தணிக்கையாளரிடம் புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
மனுதாரர்