அலைக்கு அட்வான்ஸ்

கடல் அலைமேல் ஏறி நிற்பதற்குக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளும் இடத்துக்கு சர்ஃப் கேம்ப் என்று பெயர். தங்க அறை, சாப்பாடு, ஒரு பலகை, அதில் நம்மை ஏற்றிவிட ஒரு வாத்தியார், எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். இந்த ஜூன் லீவுக்கு ஏதாவது ஒரு தீவில் இப்படி ஒரு கேம்ப் என்று மகள் தீர்மானம் கொண்டுவந்தாள். மனைவி வழிமொழிந்தாள். தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் எனக்குத் தெரிவிக்கப்பட்டது. எந்தத் தீவு, எந்த கேம்ப் என்று தேடி அட்வான்ஸ் கட்டுவது மட்டும் என் இலாகா.

அம்மா எதிர்க்கட்சி. "அலையில விழறதுக்கு எதுக்குடா காசு? மெரினாவுக்குப் போனா ஓசியிலயே விழலாமே" என்றாள். கோவளம் பக்கத்தில்தானே இருக்கிறது, மீனவர் வீட்டுப் பிள்ளைகளே அருமையாகச் சொல்லித்தருகிறார்களே என்று நானும் மெல்ல ஒரு திருத்தம் கொடுத்துப் பார்த்தேன். "அது ஈசிஆர்ப்பா. லீவுன்னா பாஸ்போர்ட்ல சீல் விழணும்" என்று மகள் தள்ளுபடி செய்துவிட்டாள்.

தேட ஆரம்பித்தேன். உலகத்தில் உள்ள அத்தனை சர்ஃப் கேம்ப்புகளுக்கும் ஒரே ஆள்தான் உட்கார்ந்து விளம்பரம் எழுதுகிறார் என்பது என் சந்தேகம். காலையில் யோகா, மாலையில் யோகா, நடுவில் நேரம் மிஞ்சினால் கடல். தென்னந்தோப்பில் ஒரு வெள்ளைக்கார அம்மையார் சூரிய நமஸ்காரம் செய்யும் படம் இல்லாத கேம்ப்பே கிடையாது. எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இதே சூரிய நமஸ்காரத்தைத் தினமும் விடியற்காலையில் இலவசமாகச் சொல்லித்தருகிறார். அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று நான் லிஃப்டை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போகிறவன். கடல் கடந்து போய் டாலர் கொடுத்து அவரிடமே மாட்டுவதா?

அடுத்தது காலைச் சாப்பாடு. வாழைப்பழத்தையும் பப்பாளியையும் கூழாக அடித்து, மேலே நாலு விதையைத் தூவி, கொட்டாங்குச்சியில் ஊற்றித் தருகிறார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "தட்டு வாங்கக்கூட வக்கில்லாதவனா? அவன்கிட்டயா போய்த் தங்கப்போறீங்க?" அதோடு அந்த கேம்ப் முடிந்தது.

கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது தனிக் கலை. ஏசி உண்டா என்று கேட்டால் கடற்காற்றைப் பற்றிப் பதில் வரும். வைஃபை உண்டா என்றால் மன அமைதியைப் பற்றி வரும். பாத்ரூமை எத்தனை பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றால், எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள் என்று வந்தது. எனக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. பாத்ரூம் சண்டையும் அங்கேயே போதுமான அளவு இருக்கிறது.

இதைவிட மோசம் படிவம். பெயர், வயதுக்கு அடுத்த கட்டத்திலேயே எடை. எடை எதற்கு என்றால், பலகையை லிட்டரில் அளக்கிறார்களாம். பால் வாங்குவதைப்போல, ஆள் கனத்துக்குத் தகுந்தபடி இத்தனை லிட்டர். லிட்டர் கூடக் கூடப் பலகை நன்றாக மிதக்கும், சுலபத்தில் கவிழாது. புதிதாகக் கற்பவர்களுக்கு எட்டு, ஒன்பது அடி நீளத்தில், மேலே மெத்தென்று ஃபோம் ஒட்டிய பெரிய பலகையைத்தான் கொடுப்பார்கள். மண்டையில் பட்டாலும் சேதாரம் குறைவு. நான் எடையை எழுதும்போது மனைவி பின்னால் நின்றிருந்தாள் என்பதால் உண்மையான எடையே எழுதப்பட்டது.

அடுத்த கேள்வி, 50 மீட்டர் நீந்துவீர்களா? நான் நீச்சல் பழகியது முசிறிப் பக்கம் எங்கள் தாத்தா வயல் கிணற்றில். அங்கே எந்தத் திசையில் கிளம்பினாலும் இருபதடியில் சுவர் வந்துவிடும். சுவரே இல்லாத தண்ணீரில் என் திறமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. 'நீந்துவேன், கிணற்றில்' என்று எழுதினேன். அந்த கேம்ப்பிலிருந்து அதற்குப் பிறகு பதிலே வரவில்லை.

தீவு எது என்பதில் ஆளுக்கொரு கட்சி. மனைவி மாலத்தீவு. அங்கே துலுஸ்தூ என்ற தீவை ஒட்டி இரண்டு பேர்பெற்ற அலைகள் உண்டு. ஒன்றுக்கு கோக்ஸ், மற்றொன்றுக்கு சிக்கன்ஸ் என்று பெயர். கோகோ கோலா ஆலைக்குப் பக்கத்தில் எழும்புவது கோக்ஸ்; எதிர்த் தீவில் ஒரு காலத்தில் கோழிப்பண்ணை இருந்ததால் அந்தப் பக்கம் சிக்கன்ஸ். பெயரைக் கேட்டால் ஏதோ காம்போ ஆஃபர் என்று தோன்றும். ஆனால் அலை உடைவது பவளப்பாறை மேல். விழுந்தால் உடம்பில் கோடு கோடாக இழுத்துவிடும்; கத்துக்குட்டிகளுக்கான இடமே இல்லை. அந்த நாட்டுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவரே டோனி ஹைண்ட் என்ற ஆஸ்திரேலியர். 1973இல் பாய்மரக் கப்பல் பாறையில் மோதிக் கரையேறியவர், பிறகு டோனி ஹுசைன் ஹைண்ட் என்று அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். இந்த வரலாற்றை மனைவிக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன். "கப்பல் கவுந்த இடமா?" என்றாள். மாலத்தீவு விலகிக்கொண்டது.

மச்சினன் பாலி. அவனை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் வருவதாகச் சொன்னான். பாலியைக் குறை சொல்ல முடியாது. குட்டா கடற்கரையில் மணல் தரை, புதியவர்களுக்கு ஏற்ற அலை. பாப் கோக் என்ற அமெரிக்கர் அங்கே 1930களில் ஓட்டல் நடத்திக்கொண்டே பலகையேறியிருக்கிறார். மச்சினனோ உலுவத்துதான் வேண்டும் என்றான். செங்குத்துப் பாறையில் படியிறங்கி, ஒரு குகைக்குள் நுழைந்து, அங்கிருந்து கடலுக்குள் போக வேண்டும். திரும்பி வருவதும் அந்தக் குகைக்குத்தான். அலையின் போக்கில் குகை வாயைத் தவறவிட்டால் என்ன செய்வது என்றதற்கு, "கூகுள் மேப் இருக்கு அத்தான்" என்றான். நல்ல வேளையாக, பாலியில் இறங்கியதும் வாங்கும் விசாவுக்கு ஐந்து லட்சம் ரூபியா என்று அவனே அம்மா காதுபட உளறிவிட்டான். "விசாவுக்கே அஞ்சு லட்சமா!" என்று அம்மா தரையில் உட்கார்ந்தவள்தான். அது இந்தோனேசியக் காசு, நம் காசில் சில ஆயிரம்தான் என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை.

மிச்சம் இலங்கை. மகள் அதற்குள் தென்கரையில் வெலிகம என்று முடிவே கட்டிவிட்டாள். காரணம் படங்கள். அரைவட்டக் குடா, கண்ணாடித் தண்ணீர், பிசிறில்லாத சின்னச் சின்ன அலைகள், அடியில் மணல். முதல் பாடத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது உண்மைதான். கொழும்பிலிருந்து நெடுஞ்சாலையில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம், ரயிலும் உண்டு. ஒரு கேம்ப்பைப் பிடித்து, ஜூன் மாதம் அலை எப்படி என்று கேட்டேன். "எங்க கேம்ப்ல வைப் எப்பவுமே சூப்பர்" என்று பதில் வந்தது. திரும்பவும் கேட்டேன். இம்முறை பதிலோடு ஒரு சூரிய அஸ்தமனப் படமும் வந்தது.

எனக்கு விடை கிடைத்தது எங்கள் ஆபீஸ் டிரைவரிடம். மண்டபத்துக்காரர், அப்பா காலம் வரை கடல் தொழில். வண்டி ஓட்டிக்கொண்டே விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கச்சான் அடிக்கிற நேரத்துல தெக்கால போய் என்ன சார் பண்ணுவீங்க? கிழக்கால போங்க. வாடை அடிக்கிறப்ப தெக்க போலாம்."

எந்த விளம்பரமும் சொல்லாத சங்கதி அவ்வளவுதான். மே முதல் செப்டம்பர் வரை, அவர் கச்சான் என்று சொன்ன தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் நேராக வந்து மோதும். மழையும் காற்றுமாக அலை கலங்கிக் கிடக்கும். அதே காற்று கிழக்குக் கரைக்குப் போகும்போது நிலத்தைக் கடந்து கடலைப் பார்த்து வீசும். எங்கோ தென்கடலில் புறப்பட்டு வரும் அலையை எதிரிலிருந்து நிமிர்த்திப் பிடித்துச் சீராக்கிவிடும். அதனால் கிழக்கே அப்போதுதான் சீசன். நவம்பர் வந்தால் எல்லாம் தலைகீழ்: கிழக்கே வடகிழக்குப் பருவமழை, தெற்கே தெளிந்த கடல், ஏப்ரல் வரை. சின்னத் தீவு, இரண்டு கரை, இரண்டு காலண்டர். மகள் மயங்கிய படமெல்லாம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ எடுத்ததாக இருக்கும். நாங்கள் போவது ஜூன்.

கிழக்கே என்றால் அறுகம்பே. அம்பாறை மாவட்டத்தில் பொத்துவிலை ஒட்டிய ஊர். கொழும்பிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்பது ஒன்றுதான் குறை. 2004 சுனாமியில் பலத்த அடி வாங்கி எழுந்த கரை. அக்கம்பக்கத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நிறைய. வாடகைப் பலகை முதல் வறுத்த மீன் வரை எல்லாவற்றையும் தாய்மொழியிலேயே பேரம் பேசலாம். ஒரே கரையில் ஆளுக்குத் தகுந்த அலை: கெட்டிக்காரர்களுக்கு அடியில் பாறைத்திட்டுள்ள மெயின் பாயின்ட், எங்களைப் போன்றவர்களுக்குப் பக்கத்திலேயே பேபி பாயின்ட், தெற்கே பீநட் ஃபார்ம், வடக்கே விஸ்கி பாயின்ட். கடைசிப் பெயரைக் கேட்டதும் மச்சினன் பாலியை மறந்தான்.

அம்மாவைச் சம்மதிக்கவைத்தது முருகன். அறுகம்பேயிலிருந்து பாணமை வழியாகத் தெற்கே போனால் ஒகந்த என்று சர்ஃப் வரைபடங்களில் ஓர் அலை இருக்கிறது. அதுதான் உகந்தை, மலையடியில் முருகன் கோயில். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போகிற பாதயாத்திரைக்காரர்கள் காட்டுக்குள் நுழையும் முன் தங்குகிற இடம். கதிர்காமத் திருவிழாவை ஒட்டி அந்தக் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள். கோயிலுக்குப் பக்கத்துக் கடலில் வெள்ளைக்காரர்கள் பலகையோடு காத்திருப்பார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள்.

அறுகம்பேயிலும் யோகாவும் கொட்டாங்குச்சியும் உண்டு. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, உள்ளூர்க்காரர் நடத்தும் சின்ன இடம் ஒன்றைப் போனில் பிடித்தேன். நான் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டார்: எத்தனை பேர், என்ன வயசு, முழங்கால் எப்படி, நீந்தத் தெரியுமா? கிணற்று நீச்சல் என்றேன். சிரிக்கவில்லை. "பரவால்ல அண்ணன். ரெண்டு பேருக்கு ஒரு ஆள். நாங்க உங்களோட தண்ணிக்குள்ள நிப்பம்" என்றார். கரையில் நின்று விசில் ஊதும் வாத்தியாரா, கூடவே இறங்குகிற வாத்தியாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒருவரும் பணம் கட்டக் கூடாது. அறையின் படத்தை அனுப்பச் சொன்னேன். ஒரு கட்டில், கொசுவலை, மேலே ஃபேன், சுவரில் ஆணி, ஆணியில் யாரோ கழற்றி மாட்டிய கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையை எடுத்துவிட்டுப் படம் பிடிக்க வேண்டும் என்று தோன்றாத மனிதரை நம்பலாம் என்று அட்வான்ஸ் கட்டினேன்.

நம்பியது வீண்போகவில்லை. மணலில் பலகை அளவுக்குக் கோடு கிழித்து, அதில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, துள்ளி எழப் பழக்கினார்கள். ஊர் நாய் ஒன்று பக்கத்தில் படுத்து அதையே செய்தது, என்னைவிட லாவகமாக. பிறகு பேபி பாயின்ட்டில் இடுப்பளவுத் தண்ணீர். வாத்தியாராக வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அலை வரும் நேரம் பார்த்துப் பலகையைத் தள்ளிவிட்டு, "கீழ பாக்காதீங்க அண்ணன்! முன்னுக்குப் பாருங்க! எழும்புங்க! எழும்புங்க!" என்று கத்துவான். அவன் சொன்னது சரிதான். கண் எங்கே போகிறதோ அங்கேதான் பலகையும் போகிறது. நான் கடலின் அடித்தரையை நிறைய முறை பார்த்தேன். மகள் முதல் காலையிலேயே நின்றாள். மச்சினனைப் பலகை கரை வரை துரத்திக்கொண்டு வந்தது. அம்மா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாத்தியாரின் உம்மாவோடு இடியப்பத்துக்கு எந்த அரிசி நல்லது என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒரு முறை எழுந்து நின்றேன். குடும்பத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை, முழங்கால் நிமிரவில்லையாம்.

கேம்ப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரப் படத்தின் கீழே, அது எந்த மாதம் எடுத்தது என்று பொடி எழுத்திலாவது போட்டுவிடுங்கள். பலகையில் பறக்கும் பொன்முடிக்காரர்களுக்கு நடுவே, தொப்பையும் தொளதொளத்த சட்டையுமாகத் தலைகீழாக விழும் ஒரு நடுவயதுக்காரரின் படமும் இருக்கட்டும். வருகிறவர்களுக்கு ஒரு தைரியம் வரும். அப்படிப்பட்ட படங்கள் மகளின் போனில் நிறைய இருக்கின்றன. கேட்பவர்களுக்கு இலவசமாக அனுப்பிவைக்கிறேன்.