அடைப்பு வைத்தியர்

எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். நம் வீட்டு சிங்க்கில் தண்ணீர் தேங்கும் செய்தி நமக்கே சரியாகத் தெரியுமுன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

"பிளம்பருக்கு போன் போட்டுடலையே?"

கையில் ஒரு சாக்குப்பை. மூங்கில் பிளாச்சு, ரப்பர் பம்ப் இரண்டு, சுழற்றிவிடும் ஸ்பிரிங் கம்பி, முடி இழுக்கும் பிளாஸ்டிக் பட்டை, பழைய சைக்கிள் பிரேக் கம்பி. இந்தப் பை பால்கனியைத் தாண்டி உள்ளே வரக்கூடாதென்பது அவர் வீட்டு அம்மாள் போட்ட சட்டம். ஆகவே பை நம் வீட்டுக்குள் தாராளமாக வருகிறது.

முதலில் பாடம். தட்டையான பம்ப் சிங்க்குக்கு, கீழே நாக்கு நீட்டியது கக்கூஸுக்கு. வாஷ்பேசினில் பம்ப் போடுமுன் மேலே இருக்கும் ஓட்டையை ஈரத்துணியால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தமெல்லாம் அதன் வழியே போய்விடும். சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு மிஞ்சுவது உப்புத்தண்ணீர்தான், நுரையைக் கண்டு மயங்கக் கூடாது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு. அத்தனையும் சரியாகச் சொல்கிறார் என்பதுதான் கொடுமை. குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியாது.

அப்புறம் வரலாறு. 1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சாமுவேல் பிளாங்க் என்பவர் வாஷிங் மெஷின் மோட்டாரையும் ஸ்கேட்டிங் சக்கரங்களையும் இரும்புக் கம்பியையும் சேர்த்து அடைப்பெடுக்கும் எந்திரம் செய்த கதை. இதைச் சொல்லும்போது அவர் பார்வை நம் வாஷிங் மெஷின் மேல் படிகிறது. வீட்டுக்காரி மெல்ல நகர்ந்து அதற்கு முன்னால் நின்றுகொள்கிறாள்.

வேலை தொடங்கியதும் குடும்பமே அவருக்குச் சிப்பந்தி. பையன் டார்ச் பிடிக்க, நாம் பக்கெட் பிடிக்க, கம்பி உள்ளே இறங்குகிறது.

"மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!"

மாட்டியது சிங்க்குக்குக் கீழே இருக்கும் பாட்டில் டிராப்பின் அடி. நாற்றம் மேலேறாதபடி எப்போதும் தண்ணீர் நிற்கும் கிண்ணம் அது. கம்பி எத்தனை முறை போனாலும் அங்கேதான் முட்டுகிறது. அவரும் சளைக்காமல் "பழைய அடைப்பு, கல்லாயிடுச்சு" என்று நோயைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்.

மதியத்துக்குமேல், அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து பிளம்பரை வரவழைத்தோம். பிளம்பர் பையன் குனிந்தான், பக்கெட்டை அடியில் வைத்தான், கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றினான். எண்ணெய்ப் பிசுக்கும் சோறும் கறிவேப்பிலையுமாய்க் கொத்தாக விழுந்தது. திரும்ப மாட்டிவிட்டுக் கையைக் கழுவும்போது, ஏப்பம் விட்டபடி வைத்தியர் வந்துவிட்டார்.

"என்ன டூல் போட்டே?"

"கைதான் சார்."

நம்பவில்லை. அவன் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்.