பத்தொன்பது டாலர் ஓட்டை

லேப்டாப் வருடா வருடம் மெலிகிறது. அதைச் சுமக்கும் பை மட்டும் மெலிய மாட்டேன் என்கிறது. முன்பக்க ஜிப்பைத் திறந்து பாருங்கள். ஹெச்டிஎம்ஐக்கு ஒரு வால். பென்டிரைவுக்கு ஒரு வால். லேன் கேபிளுக்கு ஒரு வால். போதாததற்கு எல்லாவற்றையும் செருக ஒரு ஹப். கம்பெனி தன் பொருளில் இளைத்த மில்லிமீட்டர்களை நம் பையில் இறக்கி வைத்திருக்கிறது. இறக்குக் கூலியையும் நம்மிடமே வாங்கிக்கொண்டது.

இந்தத் திருப்பணியைத் தொடங்கி வைத்தவர் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ். 2008 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேடையில், ஆபீஸ் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. மெல்லிய முனை 4 மி.மீ., தடித்த இடம் 19.4 மி.மீ. யூஎஸ்பி போர்ட் ஒன்றே ஒன்று. லேன் போர்ட் கிடையாது. வேண்டுமானால் 29 டாலருக்குத் தனி அடாப்டர். அதையும் அந்த ஒரே யூஎஸ்பியில்தான் செருக வேண்டும். செருகிவிட்டால் பென்டிரைவுக்கு இடமில்லை. 1,799 டாலர் எண்ணி வைத்தவர் வீட்டில் உட்கார்ந்து, லேன் கேபிளா பென்டிரைவா என்று பட்டிமன்றம் நடத்திக்கொள்ளலாம்.

அப்போதாவது கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். லேன் செருகிக்குக் கிட்டத்தட்ட 12 மி.மீ. உயரம் வேண்டும். விஜிஏ, இரண்டு பக்கமும் திருகு வைத்த பழைய ஆசாமி. அது போனதற்குக் கல்லூரி புரொஜெக்டர்களைத் தவிர யாரும் அழவில்லை. ஆனால் யூஎஸ்பி-ஏ செருகியின் கனம் 4.5 மி.மீ. ஹெச்டிஎம்ஐயும் ஏறத்தாழ அவ்வளவுதான். கேமராவின் மெமரி கார்டு வெறும் 2.1 மி.மீ. 15 மி.மீ. உடம்பில், மூடியைக் கழித்தாலும், 2.1 மி.மீ. அட்டை நுழைய இடமில்லை என்றால் அதைச் சொல்கிறவரே நம்ப மாட்டார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பானது 2015-இல். 12 அங்குல மேக்புக். 13.1 மி.மீ. கனம். விலை 1,299 டாலர். ஹெட்ஃபோன் துளையை விட்டால் போர்ட் ஒன்று, டைப்-சி. சார்ஜ் அதில்தான். பென்டிரைவ் அதில்தான். மானிட்டரும் அதில்தான். மானிட்டரில் படம் ஓடும்போது பேட்டரி இறங்கினால் என்ன செய்வது? 79 டாலருக்கு ஓர் அடாப்டர் வாங்க வேண்டும். அதில் மூன்று போர்ட்: ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி-ஏ, சார்ஜுக்கு ஒரு டைப்-சி. லேப்டாப்பில் அடைத்த ஓட்டைகளை வெள்ளை டப்பாவில் போட்டு, வால் வைத்து விற்றார்கள். வீட்டை விற்றுவிட்டு, வாசற்படிக்குத் தனிப் பத்திரம் எழுதி வாங்குகிற புத்தி.

சாதாரண ஜனங்களுக்கு ஒரு போர்ட் போதும் என்று சமாதானம் சொன்னார்கள். சரி, தொழில்காரர்களுக்கு? 2016 அக்டோபரில் மேக்புக் புரோ வந்தது. போட்டோகிராபர்களையும் வீடியோ எடிட்டர்களையும் நம்பிப் பிழைக்கிற மாடல். ஹெச்டிஎம்ஐ, மெமரி கார்டு, யூஎஸ்பி-ஏ மூன்றும் ஒரே வெட்டில் காலி. வயரில் யாராவது கால் தடுக்கினால் தானாகக் கழன்று லேப்டாப்பைக் காப்பாற்றும் மேக்சேஃப் காந்தச் சார்ஜரும் காலி. 2006-இல் அவர்களே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட சமாசாரம் அது. மெமரி கார்டு துளை ஏன் போனது என்று கேட்டதற்கு, கார்டு பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்பது இடைஞ்சல் என்கிற பொருளில் பதில் சொன்னார் ஆப்பிளின் பில் ஷில்லர். கார்டு துருத்துவது இடைஞ்சலாம். ஒரு சாண் வயரில் ஊசலாடும் கார்டு ரீடர் இடைஞ்சல் இல்லையாம்.

அதற்கு முந்தைய மாதம்தான் அதே ஷில்லர் மேடையேறி, ஐபோன் 7-இல் ஹெட்ஃபோன் துளையை எடுத்தது எங்கள் துணிச்சல் என்று முழங்கியிருந்தார். பெட்டிக்குள் லைட்னிங் முனை வைத்த இயர்ஃபோன் வந்தது. மறு மாதம் வந்த லேப்டாப்பில் லைட்னிங் துளை இல்லை. ஆனால் போனுக்கு ஆகாது என்று தூக்கிய பழைய ஹெட்ஃபோன் துளை அதில் சமத்தாக உட்கார்ந்திருந்தது. துணிச்சல் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரே கடையில், ஒரே பில்லில், ஐபோனும் மேக்புக்கும் சேர்த்து வாங்கியவர் பெட்டியில் வந்த வயரால் இரண்டையும் இணைக்க முடியாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட 25 டாலரில் தனி வயர். கூச்சல் எழுந்தது. நவம்பரில் ஆடித் தள்ளுபடி அறிவித்தார்கள். 19 டாலர் யூஎஸ்பி அடாப்டர் 9 டாலர், 25 டாலர் வயர் 19 டாலர். பறித்ததைத் திருப்பித் தரவில்லை. பறித்ததன் விலையைக் குறைத்தார்கள்.

போர்ட் வைக்க இடம்தான் பிரச்சினை என்று இன்னும் யாராவது நம்பினால், 2015-இல் வந்த இவர்களுடைய மேஜிக் மவுஸைப் புரட்டிப் பார்க்கட்டும். சார்ஜ் போர்ட் அதன் வயிற்றில் இருக்கிறது. சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் மவுஸ் மல்லாந்து கிடக்கும், வேலை ஓடாது. 2024-இல் அந்தப் போர்ட்டை டைப்-சியாக மாற்றினார்கள். வயிற்றை விட்டு நகர்த்தவில்லை.

ஆப்பிளை மட்டும் திட்டி மற்றவர்களைத் தப்பவிடக் கூடாது. வெட்டுவதில் வழிகாட்டி ஒருவர் என்றால், பின்னாலேயே கத்தரியோடு ஓடியவர்கள் பலர். டெல் நிறுவனத்தின் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ், 2022. இரண்டு டைப்-சி, அவ்வளவுதான். ஹெட்ஃபோன் துளையும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் யூஎஸ்பி-ஏவுக்கு ஒன்று, ஹெட்ஃபோனுக்கு ஒன்று என இரண்டு அடாப்டர். தேவை இருக்கிறது என்று தெரியும். தெரிந்தேதான் எடுத்தார்கள். பெட்டியே சாட்சி.

மிச்சம் விட்டுவைத்த டைப்-சியாவது ஒழுங்கா? எல்லாவற்றுக்கும் ஒரே போர்ட் என்றார்கள். ஒன்றாக இருப்பது வடிவம் மட்டும். ஒரு துளையில் சார்ஜ் ஏறும், படம் வராது. பக்கத்துத் துளையில் இரண்டும் நடக்கும். எது எது என்று துளைக்கு மேல் ஒரு குறி போடப் பல கம்பெனிகளுக்கு மனசு வருவதில்லை, அழகு கெட்டுவிடும். 2016-இன் 13 அங்குல மேக்புக் புரோ மாடல் ஒன்றில் நான்கு துளை, நான்கும் ஒரே முகம், வலப்பக்கத்து இரண்டுக்கு மட்டும் வேகம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு நெருக்கிய பிறகு 2023-இல் ஐபோன் 15-க்கு டைப்-சி வந்தது. துளை புதிது; வேகம் 2000-ஆம் ஆண்டு வந்த யூஎஸ்பி 2.0 வேகம். பெயர் விஷயம் இன்னும் கேவலம். 2008-இல் யூஎஸ்பி 3.0 என்று பிறந்தது 2013-இல் 3.1 ஜென் 1 ஆனது, பிறகு 3.2 ஜென் 1 ஆனது. வினாடிக்கு 5 ஜிகாபிட் என்கிற வேகம் ஓர் இம்மிகூட ஏறவில்லை. ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு பதவி உயர்வு. வயர் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். கடையில் விற்ற டைப்-சி வயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்துக்கொண்டிருந்தார் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங். 2016 பிப்ரவரியில் அப்படி ஒரு வயர் அவருடைய லேப்டாப்பையே பதம் பார்த்துவிட்டது. விவரம் தெரிந்தவர் கதியே இது.

விவரம் தெரியாதவர் கதையை எந்தக் கல்லூரி செமினார் ஹாலிலும் பார்க்கலாம். சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு மேடையில் நிற்கிறார். கையில் வெள்ளி நிறத்தில் தகடு போல ஒரு லேப்டாப். மேஜைக்கடியிலிருந்து ஹெச்டிஎம்ஐ வயரை எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர் லேப்டாப்பை இடப்பக்கம் திருப்புகிறார், வலப்பக்கம் திருப்புகிறார். “டைப்-சி கன்வெர்ட்டர் யார்கிட்டயாவது இருக்கா?” என்று மைக்கிலேயே கேட்கிறார்கள். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஓடிப்போய் ஒன்றைக் கொண்டு வருகிறார். அது விஜிஏ கன்வெர்ட்டர். “பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க சார், நம்ம மெஷின்ல ஓட்டிக்கலாம்.” பென்டிரைவைச் செருக எங்கே துளை? கடைசியில் ஃபைலை மெயிலில் அனுப்புகிறார். ஆபீஸ் ரூமிலிருந்து தூக்கி வந்த, எழுத்தெல்லாம் அழிந்த கீபோர்டு கொண்ட தடித்த லேப்டாப்தான் மானத்தைக் காப்பாற்றுகிறது. அதில் எல்லாத் துளையும் இருக்கிறது. அரை மணி நேரம் போயே போச்சு. பேச்சின் தலைப்பு, நாளைய தொழில்நுட்பம்.

மெலிந்தால் இப்படித்தான், வேறு வழியில்லை என்பார்கள். பொய். 2020-இல் ஜப்பானின் ஃபுஜிட்சு 13.3 அங்குலத்தில் ஒரு லேப்டாப் செய்தது. எடை 634 கிராம். அதில் யூஎஸ்பி-ஏ இரண்டு, டைப்-சி இரண்டு, ஹெச்டிஎம்ஐ, மெமரி கார்டு துளை, லேன் போர்ட். லேன் செருகியின் உயரத்துக்கு என்ன செய்தார்கள்? போர்ட்டை மேஜை டிராயர் போல வெளியே இழுக்கிற மாதிரி வைத்தார்கள். வேலை முடிந்தால் உள்ளே தள்ளிவிடலாம். அவ்வளவுதான் விஷயம். இத்தனையும் இருந்தும் 634 கிராம். ஒற்றைத் துளை மேக்புக் 920 கிராம். ஓட்டையை அடைத்து யாருடைய எடையைக் குறைத்தார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஜப்பானிய ஆபீஸ்கள் லேன் கேட்டன, கம்பெனி கொடுத்தது. நாம் கேட்டால் எதிர்காலம் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள்.

சுற்றுச்சூழல் வகுப்பும் உண்டு. 2020-இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டு, பூமியைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். அடாப்டர் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை டப்பா போட்டு விற்றபோது பூமி வேறு எங்கோ போயிருந்தது போலிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சார்ஜர் துளை வேண்டும் என்று ஐரோப்பா சொன்னபோது, புதுமை நசுங்கிவிடும் என்று எதிர்த்தவர்களும் இவர்களே.

பிறகு 2021 அக்டோபர். புதிய மேக்புக் புரோ. ஹெச்டிஎம்ஐ வந்தது. மெமரி கார்டு துளை வந்தது. மேக்சேஃப் வந்தது. ஏதோ நேற்று ராத்திரி கண்டுபிடித்தது போல ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார்கள். துருத்துகிற கார்டு திடீரென்று இடைஞ்சல் இல்லாமல் போனது. உலகம் மறுபடி கைதட்டியது. துளைகளைப் பறித்த 2016-இன் 13 அங்குல மாடலின் கனம் 14.9 மி.மீ. துளைகளைத் திருப்பி வைத்த 14 அங்குல மாடலின் கனம் 15.5 மி.மீ. உடம்பு சற்று அகலம், ஒப்புக்கொள்கிறேன். கனத்தில் வித்தியாசம் 0.6 மி.மீ. ஜெராக்ஸ் கடைத் தாளில் ஆறு தாள். இந்த ஆறு தாளுக்காக ஐந்து வருடம் ஊரையே டாங்கிள் சுமக்க விட்டார்கள். ஒரு வரி மன்னிப்பு? மூச்.

யூஎஸ்பி-ஏ மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. தள்ளுபடி முடிந்து பழைய விலைக்கே திரும்பிய அந்த 19 டாலர் அடாப்டர் இன்னும் விற்பனையில் இருக்கிறதே, அதன் வயிற்றில் அடிக்க மனசு வருமா?