பெருமாளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

எங்கள் ஊர் வரலாற்றில் முதன்முதலில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பியவன் இரண்யாட்சன். அவன் சுருட்டியது பூமியை. பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டான். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருமால் பன்றி வடிவெடுத்துப் பின்னாலேயே போனார், ஆளை முடித்தார், பாயைக் கொம்பில் ஏந்திக்கொண்டு மேலே வந்தார். வந்த களைப்பில் ஸ்ரீமுஷ்ணத்தில் நின்றவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். இரண்டு கையும் இடுப்பில், உடம்பு மேற்கே பார்க்க, முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கும். தத்துவம் தெரிந்தவர்கள் அதற்குப் பெரிய விளக்கம் சொல்வார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே, விருத்தாசலம் பஸ் வருகிறதா என்று பார்க்கிற ஆளின் நிலையாகத்தான் தெரிகிறது.

பன்றியாக வந்தவர் என்பதால் அவருக்குக் கோரைக்கிழங்குதான் பிரசாதம். காட்டில் பன்றி முகத்தால் தோண்டித் தின்னுமே, அதே கிழங்கு. விருந்தாளியின் பழக்கம் அறிந்து சமைப்பது என்றால் இதுதான். ஸ்ரீரங்கம், திருப்பதி, பத்ரி வரிசையில் பெருமாள் தானாகத் தோன்றிய எட்டுத் தலங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்த ஊர்களுக்கு எப்படியெல்லாமோ போகலாம். எங்களுக்கு ரயில்கூடக் கிடையாது.

நான் சொல்ல வந்தது அவர் நிற்பதைப் பற்றியல்ல, கிளம்புவதைப் பற்றி. மூலவர் நின்றாலும் உற்சவருக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. வருஷாவருஷம் மாசி மகத்துக்குக் கிள்ளை முழுக்குத்துறையில் கடலாடப் புறப்பட்டுவிடுவார். போனோமா, முங்கினோமா, வந்தோமா என்கிற வேலையே இல்லை. ஊர் ஊராக நின்று, மண்டகப்படி பார்த்து, மாலை வாங்கி, நலம் விசாரித்து, கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன பெரியம்மா மாதிரி பல நாள் கழித்துத்தான் திரும்புவார். அதுவரை ஊரில் எது கேட்டாலும் ‘பெருமாள் வந்துடட்டும்’ என்பதே பதில்.

இதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு 1988இல் 19 வயது. அந்த வருஷம்தான் நூலகத்தில் தாமஸ் ஸ்டீவன்ஸைப் பற்றிப் படித்துத் தொலைத்தேன். சைக்கிளில் முதன்முதலாக உலகத்தைச் சுற்றிய மனிதர். அவர் ஏறியது நாம் நினைக்கிற சைக்கிளும் இல்லை. முன்சக்கரம் 50 அங்குலம், ஆள் மார்பு உயரம். பின்சக்கரம் தோசைக்கல் அளவு. ஏறுவதற்கே ஒரு ஜாதகப் பொருத்தம் வேண்டும். 1884 ஏப்ரல் 22ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் ஏறியவர் 1886 டிசம்பர் 17ஆம் தேதி யோகோஹாமாவில் இறங்கினார், சுமார் 13,500 மைல் மிதித்து. கொண்டுபோன சாமான் காலுறை, மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. மழைக்கோட்டே ராத்திரியில் கூடாரம். ஆப்கானிஸ்தானில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணாத்தை சளைக்காமல் சுற்றிக்கொண்டு கராச்சிக்கு வந்து, லாகூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து கல்கத்தாவுக்கு மிதித்தார். தெற்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்திருந்தால் கோரைக்கிழங்காவது கிடைத்திருக்கும்.

‘தன்னந்தனியாக உலகம் சுற்றியவர்’ என்று போட்டிருந்தது. அந்த வரிதான் என்னைக் கெடுத்தது. பிற்பாடு நிதானமாகப் படித்தபோது விஷயம் வேறாக இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்கத் தெஹரானில் பாரசீக ஷாவின் விருந்தாளி. வழிநெடுக எவர் வீட்டிலோ சோறு, எவர் வீட்டிலோ பாய். எழுதி அனுப்பினால் போட்டுக்கொள்ள அமெரிக்காவில் ஒரு பத்திரிகை. ‘தனியாக’ என்பதற்கு அகராதியில் என்ன போட்டிருந்தாலும் சரி, பயணத்தில் அதற்கு ‘அடுத்தவர் திண்ணையில்’ என்றுதான் பொருள்.

இது அப்போது தெரியாததால், பெருமாள் புறப்பட்ட இரண்டாம் நாள் நானும் கிள்ளைக்குச் சைக்கிளில் தனியாகப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. அம்மாதான் கேட்டாள். “தனியாத்தான போற? கேரியர் காலியாத்தான இருக்கு?” என்று உள்ளே போனவள், விருத்தாசலத்தில் வாங்கிய பீங்கான் ஜாடி ஒன்றோடு வந்தாள். உள்ளே நார்த்தங்காய் ஊறுகாய். “சிதம்பரத்துல அத்த வூட்ல குடுத்துடு. ஜாடி பத்திரம்.”

விருத்தாசலம் பீங்கான் ஊர். அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளில் பொம்மை, கிண்ணம், ஜாடி என்று ஏதாவது ஒன்று எப்போதும் யாருக்காவது போய்ச்சேர வேண்டியிருக்கும். ஸ்டீவன்ஸுக்கு ஒரு மழைக்கோட்டு. எனக்கு அஞ்சு கிலோ ஊறுகாய். பூமியைக் கொம்பில் வைத்துக் கடலடியிலிருந்து தூக்கியவர் அதில் ஒரு கீறல் விடவில்லை. அவர் ஊர்க்காரனுக்கு ஒரு ஜாடியா முடியாது என்று பழைய வேட்டியைச் சுற்றி, சணல் கயிற்றால் பின்கேரியரில் இறுக்கினேன்.

சைக்கிள் பெரியப்பாவுடையது. கம்பெனிப் பெயர் துருவோடு உதிர்ந்துபோய்விட்டதால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. பெல்லைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும். டைனமோ மிதிக்கிற வேகத்துக்கு எரியும். அதாவது மேட்டில், எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே, அணைந்துவிடும்.

சேத்தியாத்தோப்பு வழியாக நேரே போயிருந்தால் ஒரே நாளில் சிதம்பரம். ஆனால் ஸ்டீவன்ஸ் நேராகவா போனார்? தெற்கே காட்டுமன்னார்கோயிலுக்கு வண்டிப்பாதையிலும் வாய்க்கால் கரையிலுமாக இறங்கினேன். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் மூன்றே கேள்விகள் கேட்டார்கள், அதே வரிசையில்.

“எங்க தம்பி?”

“கிள்ளைக்கு.”

“ஏன், பஸ்ஸு ஓடலியா?”

ஓடுகிறது என்றால் குரல் தாழ்ந்துவிடும். “வூட்ல சண்டையா?”

அதுவும் இல்லையென்றால் பார்வை கேரியருக்குப் போகும். “ஜாடில என்னா?”

ஊறுகாய் என்றதும் முகம் தெளிந்துவிடும். ஊரைப் பார்க்கப் போகிறவன் சந்தேகத்துக்குரியவன். ஊறுகாய் கொடுக்கப் போகிறவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை.

அன்று ராத்திரி காட்டுமன்னார்கோயிலில் ஒரு தூரத்து மாமா வீட்டுத் திண்ணை. அந்த ஊர்தான் நாதமுனிகளின் ஊர், பழைய பெயர் வீரநாராயணபுரம். யாத்ரீகர்கள் சிலர் வந்து நம்மாழ்வாரின் பத்துப் பாட்டைப் பாட, கேட்டுக்கொண்டிருந்த நாதமுனிகள், ஆயிரத்தில் இது பத்து என்று பாட்டிலேயே வருகிறதே, மீதி எங்கே என்று கேட்டார். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. நாமாக இருந்தால் ‘அவ்வளவுதான் கிடைச்சுது’ என்று காபி குடிக்கப் போயிருப்போம். அவர் குருகூர்வரைக்கும் போனார். அங்கும் யாரிடமும் பிரதி இல்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து மதுரகவியாழ்வாரின் பாசுரத்தை 12,000 தடவை சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. நம்மாழ்வார் காட்சி கொடுத்து, ஆயிரம் கேட்டவருக்கு நாலாயிரத்தையும் தந்து அனுப்பினார். 12,000 தடவை! ஏதாவது கொடுத்து ஆளை அனுப்பினால் போதும் என்று எனக்கே தோன்றுகிறது.

காலையில் லால்பேட்டையைத் தாண்டவில்லை, பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன ஊர் அது. அன்றைக்கு என் வரையில் சீமைக் கருவேல முள்ளுக்கும் பேர்போனது. பஞ்சர் கடை பாய் டியூபை உருவித் தண்ணீரில் முக்கினார். குமிழி மூன்று இடத்தில் வந்தது. “தம்பி, இதுல ஒண்ணுதான் இன்னிக்கு முள்ளு. மத்தது ரெண்டும் ரொம்ப நாளா இருக்கு” என்றார். அதற்கப்புறம் அந்த மூன்று கேள்விகள். ஊறுகாய் என்றதும் சட்டையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கேரியர் கயிற்றை அவிழ்த்து, ஜாடிக்கும் கம்பிக்கும் நடுவில் பழைய டியூபை நாலாக மடித்து வைத்துத் திரும்பக் கட்டினார். மூன்று ஒட்டுக்கும் காசு வாங்கினார். அந்த மெத்தைக்கு வாங்கவில்லை. ஜாடி சிதம்பரம் போய்ச் சேர்ந்தது அவரால்தான்.

பிறகு வீராணத்துக் கரை. ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீளம். எதிர்காற்றில் மிதிக்கிறவனுக்கு அது 60. பராந்தக சோழன் காலத்து ஏரி. அவன் மகன் இராஜாதித்தன் வடக்கேயிருந்து வரப்போகும் படையை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடியில் தண்டு இறங்கியிருந்தபோது வெட்டினது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். படையைச் சும்மா உட்கார வைத்தால் சீட்டு ஆடும், சம்பளம் கேட்கும். கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டான் மகராசன். 949இல் தக்கோலத்தில் யானைமேலேயே அவன் கதை முடிந்தது. ஏரி நின்றது. 2004இலிருந்து அதன் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. எங்கள் பக்கத்திலிருந்து தனியாகக் கிளம்பி, யார் திண்ணையிலும் படுக்காமல் ஊர்போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

இதே கரையில்தான் கல்கி தன் வந்தியத்தேவனை ஆடிப்பெருக்கன்று குதிரையில் வரவழைத்தார். தனியாள், நெடும்பயணம், குறுக்குப்பாதை. அவனும் அன்று ராத்திரி கடம்பூர் மாளிகையில் நண்பனின் திண்ணையைத்தான் தேடிப் போனான். போன இடத்தில் தூங்கித் தொலைக்காமல் ஒட்டுக்கேட்டதால் கதை ஐந்து பாகம் நீண்டது. அவன் கையில் ஓலை. என் கேரியரில் நார்த்தங்காய். அவனைக் குடந்தை ஜோதிடர் முதல் இளவரசி வரை பார்த்தார்கள். என்னைப் பார்த்தது ஒரு நீர்க்கோழிக் கூட்டமும், மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவும். “பஸ்ஸு ஓடலியாடா?” என்றாள் ஆயா.

சேத்தியாத்தோப்பு, புவனகிரி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொடை வலித்தது. புவனகிரியில் பெருமாளைப் பற்றி விசாரித்தேன். “நேத்தே போயிட்டாரே” என்றார்கள். தோளில் போகிறவர் என்னை ஒரு நாள் முந்திவிட்டார்!

இங்கே ஒரு ஆளைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கொள்ளிடக்கரை ஆதனூரிலிருந்து சிதம்பரம் எட்டிப்பிடிக்கிற தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க முடியாமல் ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்றே நந்தனார் என்ற மனிதருக்குப் பெயர் அமைந்துவிட்டது, திருநாளைப்போவார் என்று. நானும் பல நாள் ‘நாளைக்கு’ என்று சொல்லித்தான் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டேன், அதனால் நண்பர்கள் என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு வர வேண்டிய இடம் அது இல்லை. எனக்குச் சோம்பல். நந்தனாருக்கு ஊரே குறுக்கே நின்றது. கடைசியில் போனவரையும் நேரே உள்ளே விடவில்லை, நெருப்பில் இறங்கி வரச் சொன்னார்கள். நான் ஓட்டைச் சைக்கிளோடு தெற்குச் சன்னதியில் நுழைந்தபோது நகர்ந்து நிற்கச் சொன்னது ஒரு பூக்கடைக்காரம்மா மட்டும்தான், அதுவும் ஜாடி இடித்ததால்.

இடித்ததில்தான் மூடி போயிருக்க வேண்டும். அத்தை வீட்டில் வேட்டியை அவிழ்த்தால் ஜாடி முழுசாக இருந்தது, மூடி மூன்றாக இருந்தது. லால்பேட்டையின் மூன்று ஓட்டையைத் தாங்கியவன் சிதம்பரத்தின் ஒரு கூடையில் தோற்றேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து ஜாடியின் வாயில் வைத்தாள். 30 வருஷத்துக்கு மேல் அதே தட்டு, அதே ஜாடி. கல்யாணம், கருமாதி எதில் என்னைப் பார்த்தாலும் சொந்தக்காரர்களிடம் “சைக்கிள்ல வந்தானே, மூடி” என்றுதான் அறிமுகம். உலகம் சுற்றியவருக்குப் புத்தகம். எனக்கு மூடி.

மறுநாள் விடிய மகம். கேரியர் காலி, சைக்கிள் இறகு மாதிரி பறந்தது. பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழிக் காற்று முகத்தில் அடிக்க, கிள்ளைத் தைக்காலில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் பெருமாள் அங்கே நின்றிருந்தார். சையத் ஷா ரஹ்மத்துல்லா தர்காவின் சார்பில் பட்டும் பழமுமாக வரவேற்பு. பதிலுக்குப் பெருமாள் மாலை தர்காவுக்குப் போகிறது. வருஷாவருஷம் நடக்கிற முறை. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் பட்டர் ஒருவரிடம் “ஏன் சாமி இவ்ளோ லேட்டு?” என்று கோபித்துக்கொண்டிருந்தார். பட்டர் புவனகிரியின்மேல் பழியைப் போட்டார். உறவுக்காரர்கள் சம்பந்தி வீட்டில் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. பூமியையே தூக்கியவர், கடலுக்கு வழி தெரியாதவரா? ஆனாலும் அந்தத் திண்ணையில் நின்று பட்டு வாங்கிக்கொள்ளாமல் அவர் முழுக்குத்துறைக்குப் போகிறதில்லை.

கடலில் முங்கி எழுந்தபோது எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. வந்த வழியே திரும்ப மிதிக்க முடியாது. அவருக்குத் தோள் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். எனக்குச் சீமைக் கருவேலம்தான் இருக்கிறது. சிதம்பரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து பஸ் கூரையில் சைக்கிளை ஏற்றினேன். கட்டுவதற்கு அதே சணல் கயிறு.

கண்டக்டர் சைக்கிளுக்கும் லக்கேஜ் போட்டுவிட்டுக் கேட்டார், “எங்கேர்ந்து வர்ற தம்பி?”

“ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து. சைக்கிள்லயே கிள்ளைக்குப் போய்ட்டு வரேன். தனியா.”

பையிலிருந்து சில்லறையை எண்ணிக் கையில் வைத்தார். பஸ் சேத்தியாத்தோப்பு ரோட்டில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“ஏன்,” என்றார், “பஸ்ஸு ஓடலியா?”