ஏழையென்று நிரூபித்துக் காட்டு

ஏ.எல். முடிவு வந்து, வெட்டுப்புள்ளியையும் தாண்டி, உங்கள் பிள்ளை கெம்பஸுக்குத் தெரிவாகிவிட்டதா? அல்ஹம்துலில்லாஹ். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள வாப்பாமாரே, உம்மாமாரே, இனி உங்களுக்கொரு பரீட்சை இருக்கிறது. இதற்கு டியூஷன் கிடையாது, பாஸ்ட் பேப்பர் கிடையாது. நீங்கள் ஏழை என்பதை அரசாங்கத்துக்கு நிரூபிக்கும் பரீட்சை இது. தேறுவதற்குச் சில குறிப்புகள் தருகிறேன்.

முதலில் வருமானச் சான்றிதழ். கிராம சேவகர் எழுத வேண்டும், பிரதேச செயலகம் ஒப்பமிட வேண்டும். நமது கரையோர ஊர்களில் இந்தக் காட்சி எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்:

"வாப்பா என்ன தொழில், மகள்?"

"கடல் தொழில், சேர்."

"மாசம் எவ்வளவு வரும்?"

"மீன் பட்டா வரும், சேர். படாட்டி இல்ல."

"அப்பிடி எழுத ஏலாது. ஒரு தொகையச் சொல்லுங்க."

பிள்ளை ஒரு தொகையைச் சொல்லும். கடல் ஒருநாளும் கொடுத்தறியாத மாதச் சம்பளத்தைப் படிவம் கொடுத்துவிடும். மருதமுனையில் தறியில் இருப்பவருக்கும், சம்மாந்துறையில் வயல் கூலிக்குப் போகிறவருக்கும் இதே கதைதான். பள்ளிக்கூட ஆசிரியருக்கு மட்டும் பிரச்சினையில்லை. அவரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. கடனுக்கு வெட்டியது போக மிச்சம் என்ன என்று எவரும் கேட்கமாட்டார்கள். அவர் பணக்காரர், பிள்ளை வெளியே. பிரதான வீதியில் கடையும் மேல்மாடி வீடும் வைத்திருக்கும் முதலாளியிடம் சீட்டு ஏது? அவர் வாயால் சொல்வதே வருமானம். பாவம், அவர் ஏழை.

குறிப்பு ஒன்று: நேர்மையாகச் சம்பளம் வாங்காதீர்கள்.

அடுத்தது மஹாபொல உதவித்தொகை. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்த நிதியம். ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் அதைக்கொண்டு படித்து முடித்தார்கள் என்பதை மறுத்தால் நாக்கு அழுகும். ஆனால் அதே நிதியத்தை நமது ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பல வருடங்களாகச் சாதாரண மஹாபொல மாதம் 5,000 ரூபாவாக இருந்தது. அதிதிறமைக்கான மஹாபொல 5,050. முன்னணியில் வந்த பிள்ளையின் மூளைக்கு இந்த நாடு வைத்த மதிப்பு 50 ரூபா. ஒரு பிளேன்டி குடிக்கலாம்.

2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அரிசி ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, அறை வாடகை ஏறியது. மஹாபொல மட்டும் அசையவில்லை. 5,000த்தை முப்பதால் பிரித்தால் நாளொன்றுக்கு 166 ரூபா. ஒரு சோற்றுப் பார்சலுக்கே காணவில்லை. அதுவும் ஒழுங்காக வந்தால்தானே! திறைசேரியிலிருந்து காசு வரவில்லை என்று மாதக்கணக்கில் பிந்தியது. பட்டினி மட்டும் ஒரு மாதமும் பிந்தவில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கினார்கள். நாளுக்கு 250. இதற்கும் கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம்.

இந்த நிதியத்தின் பணத்தில் 1999இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப நிறுவகம் இன்று மாலபேயில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறது. அது நிதியத்தின் கையைவிட்டுப் போன விதத்தைப் பாராளுமன்றத்தின் கோப் குழு 2021இல் கிளறிப் பார்த்தது. மீனவன் மகளிடம் ஒப்பத்துக்கு மேல் ஒப்பம் கேட்கும் அரசு, சொந்தச் சொத்து போகும்போது எந்த ஒப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது?

குறிப்பு இரண்டு: ஏழையின் காசில் கட்டடம் எழும். உள்ளே போகக் கட்டணம் உண்டு.

மஹாபொல கிடைக்காதவர்களுக்கு பர்சரி. 4,000 ஆக இருந்து 2025இல் 6,500 ஆனது. அதற்கும் அதே சான்றிதழ், அதே வரிசை. அதுவும் இல்லையென்றால் வட்டியில்லாக் கடன் இருக்கிறதே என்பீர்கள். வட்டியில்லை என்றதும் நமது ஊரில் முகம் மலரும். ஆனால் 2017இல் தொடங்கிய அந்தத் திட்டம், அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாமல் தனியார் நிறுவனத்தில் படிக்கிறவர்களுக்கு. பாடநெறிக் கட்டணமாக 8 இலட்சம் வரை கொடுத்தார்கள். உங்கள் பிள்ளை இராப்பகலாகப் படித்து அரச கெம்பஸுக்கே போய்விட்டதே! அந்தக் கதவு சாத்தியாயிற்று.

கடைசியாக, ஊர்ப் பெரியவர்கள். மடிக்கணினி வழங்கும் விழா, பொன்னாடை, பெனர். பெனரில் கொடையாளியின் முகம் பானையளவு, பிள்ளையின் முகம் புளியங்கொட்டையளவு. மறுநாள் அந்தப் படம் ஊர் முழுக்கத் தொலைபேசிகளில் சுற்றும். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரைக் குர்ஆன் சொல்கிறது. பெனருக்கு முன்னால் நின்று சிரிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரியை எழுப்ப நமது அரசியல் தலைவர் அஷ்ரஃப் பாடுபட்டது, யுத்தத்தில் இந்த மண்ணின் பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லாமற் போனதால். இன்று இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இருந்து சாப்பிட வழியில்லை. மேடைக்கு மேடை அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டவர்களில் எத்தனை பேர் மஹாபொல பிந்திய மாதங்களில் பாராளுமன்றத்தில் எழுந்து நின்றார்கள்? அவர்களுக்கு அவசரமான வேலை இருந்தது: கல்முனையில் பிரதேச செயலகம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை.

கேட்பது பெரிதல்ல. உதவித்தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும். அரச ஊழியரின் சம்பளம் போல, குறித்த தேதியில் வங்கிக்கு வர வேண்டும். நிலையான வருமானம் இல்லாத தொழில்களுக்குப் படிவத்தில் ஓர் இடம் வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்கள் அறை வாடகையைப் படமெடுக்காமல் கட்ட வேண்டும். இவற்றில் ஒன்றையேனும் செய்யாதவர் அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வந்தால், உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, வருமானச் சான்றிதழ் கொண்டுவந்தீர்களா என்று கேளுங்கள். பிரதேச செயலாளரின் ஒப்பம் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.