சேர் ஒரு கேள்வி கேட்பார்

என் விலை என்னவென்று எனக்குத் தெரியவந்தது 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் தயவால்தான். 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலுக்கு, வாக்காளர் ஒருவருக்காக வேட்பாளர் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகையை 74 ரூபாவுக்கும் 160 ரூபாவுக்கும் இடையில் சபைக்குச் சபை வேறுபடுத்தித் தேர்தல் ஆணைக்குழு நிர்ணயித்திருந்தது. "காலம் பூராவும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்த மனுசனுக்கு ஒரு பிளேன்டீயும் ஒரு வடையுமா?" என்று வீட்டில் அங்கலாய்த்தேன். "உங்களுக்கு டொக்டர் வடை வேணாம்னு சொல்லியிருக்கார். அதையும் கழிச்சுப் பாருங்க" என்றாள் மனைவி.

எங்கள் வட்டாரத்து வேட்பாளர் நல்ல பையன். பாவம், அவன் நின்றது ஒரு தேர்தலுக்கு, சிரித்தது இரண்டு தேர்தலுக்கு. 2023 ஜனவரியில் கட்டுப்பணம் கட்டி, வேட்புமனு கொடுத்து, லயம் லயமாக ஏறி இறங்கிக் கும்பிட்டு முடித்திருந்தான். மார்ச் 9 தேர்தல். நாட்டிடம் காசு இல்லை என்று தேர்தல் தள்ளிப் போனது. வேட்பாளருக்கு அது என்ன தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்: கும்பிட்ட கையை இறக்கவும் முடியாது, தூக்கி வைத்திருக்கவும் முடியாது. என்னை ரோட்டில் கண்டால் பல் தெரியச் சிரிப்பான். கடைசியில் 2025இல் பழைய வேட்புமனுக்களை எல்லாம் சட்டம் போட்டே இரத்துச் செய்துவிட்டார்கள். மறுபடியும் மனு, மறுபடியும் கட்டுப்பணம், மறுபடியும் அதே லயம். சிரிப்பு மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

மக்கள் சந்திப்பு தோட்டத்துப் பெரட்டுக்களத்தில். கொழுந்து நிறுத்து முடிந்து, பெண்கள் முகம் கழுவிக்கொண்டு வந்து சேர ஆறரை மணியாகிவிட்டது. நான் ஐந்தரைக்கே போய் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைமை தாங்கச் சொன்னால் மறுக்கக்கூடாது என்ற எண்ணத்தில் துவைத்த சட்டை. யாரும் சொல்லவில்லை. தலைமைக் கதிரையில் தோட்டத் தலைவர் உட்கார்ந்தார். ஐந்தாம் வகுப்பில் அவருக்குப் பெருக்கல் வாய்பாடு படிப்பித்தவன் நான்.

முதல் கேள்வி ஒரு பாட்டியுடையது. "தம்பி, அந்த ஆயிரத்து எழுநூறு எப்பப்பா வரும்?"

நாட்கூலி அப்போது 1,350 ரூபா. பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி 1,700 என்று சொல்லியிருந்தார். அதை முடிவு செய்வது சம்பள நிர்ணய சபையும் கம்பனிகளும் கொழும்பும். பிரதேச சபை உறுப்பினருக்கு அதில் கொழுந்தளவு அதிகாரமும் கிடையாது. தம்பி அதைச் சொல்லவில்லை. "பாட்டி, நிச்சயமா பேசுவோம்" என்றான். கைதட்டல்.

அடுத்தது 7 பேர்ச்சஸ் காணியும் வீடும். "பேசுவோம்." பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு ஆசிரியர், டவுனுக்குப் பின்னேர பஸ், ஆஸ்பத்திரிக்கு டொக்டர், மின்சாரக் கட்டணம், பன்றி வந்து மரவள்ளியைத் தோண்டுவது. எல்லாவற்றுக்கும் பேசுவோம். பன்றியோடு எப்படிப் பேசுவான் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அவனைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அந்த மனிதர்கள் கேட்டது எதுவும் தப்பான கேள்வி இல்லை. வருகிறவன் போகிறவன் எல்லாரையும் பிடித்துக் கேட்டால்தான் எவனாவது ஒருவன் சரியான ஆளாக இருப்பான். எங்கள் மாவட்டத்தில் 2 மாநகர சபை, 1 நகர சபை, 15 பிரதேச சபை. அதற்கு மேலே மாகாண சபை, பாராளுமன்றம், தோட்டக் கம்பனி. எந்த ஓட்டை யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும்.

என் முறைக்காகக் காத்திருந்தேன். என்னிடம் எழுதி எடுத்து வந்த கேள்வி ஒன்று இருந்தது. அது 33ஆம் பிரிவு.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. அது தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. அதாவது நாங்கள் சபைக்கு ஓட்டுப் போடலாம், சபை எங்களுக்குப் பல்பு போட முடியாது. 2018இல்தான் திருத்தினார்கள். அதுவரை எங்கள் உறுப்பினர்கள் வாழ்ந்த வாழ்வு ராஜ வாழ்வு. என்ன கேட்டாலும் "சட்டத்துல இடமில்லை சேர்." பொய்யும் இல்லை. அந்தப் பதிலின் அழகில் மயங்கி நானும் வீட்டில் சில காலம் பயன்படுத்தினேன். கோழிக்கூட்டுக் கதவு ஆடுகிறது என்றால் சட்டத்தில் இடமில்லை. பாராளுமன்றம் திருத்துவதற்கு முன்பே என் மனைவி அந்தப் பிரிவைத் திருத்திவிட்டாள்.

தலைவர் மைக்கை நீட்டினார். "இப்ப சேர் ஒரு கேள்வி கேட்பார்." நான் எழுந்து 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் ஆரம்பித்தேன். ஓட்டுரிமை போன கதை, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 2003 பிரஜாவுரிமைச் சட்டம், பிறகு 33ஆம் பிரிவு. ஒரு குழந்தை அழுதது. பின்வரிசையில் யாரோ ரொட்டி சுட வேண்டும் என்று எழுந்து போனார்கள். திருத்தம் வந்தபிறகும் தோட்டத்துக்குச் செலவு ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் கேள்வி. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது வாக்கியத்தின் முனை எனக்கே தெரியவில்லை.

தம்பி மைக்கை வாங்கினான். "சேர் சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்றான். பலத்த கைதட்டல், அவனுக்கு.

அப்போதுதான் என் மனைவி பின்னாலிருந்து எழுந்தாள். "கோயில் படிக்கட்டுப் பக்கம் லைட் எரியல. எப்ப போடுவீங்க?"

"ஜெயிச்சதும் முதல் வேலை அதுதான் அக்கா."

தம்பிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். 2018 தேர்தலிலிருந்து நாலில் ஒரு பங்கு பெண்கள் என்று வந்ததே, அந்தக் கணக்கில் பட்டியலில் சேர்த்த பெயர். அதுவரை அவருக்கு மைக் கொடுக்கவே இல்லை. மைக் இல்லாமலே கேட்டார்: "அக்கா, கம்பம் இருக்கா? இல்ல பல்பு மட்டும் போயிருக்கா? கம்பம் மின்சார சபையோடது, பல்பு பிரதேச சபையோடது. அதனாலதான் கேக்குறேன்."

"கம்பம் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் தினமும் அதுல சாஞ்சுகிட்டுத்தான் அரசியல் பேசுவார்."

அன்றைய கூட்டத்தின் மிகப் பெரிய சிரிப்பு அதுதான். அந்தப் பெண் சிரிக்காமல் கொப்பியைத் திறந்து, "கம்பத்துல நம்பர் இருக்குமே சேர், என்ன நம்பர்?" என்றார். 1948 தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. சிறுவன் ஒருவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

இரவு மனைவி முடிவாகச் சொன்னாள். "என் ஓட்டு அந்தப் பிள்ளைக்கு."

அவளுக்கு முறையை விளக்க வேண்டியது ஒரு குடும்பத் தலைவனின் கடமை அல்லவா. வாக்குச்சீட்டில் ஆள் பெயரே இருக்காது, கட்சிப் பெயரும் சின்னமும்தான். வட்டாரத்தில் கூட ஓட்டு எடுத்தவர் உள்ளே போவார். அது ஏறக்குறைய 60 வீதம். மீதி 40 வீதம் பட்டியல். கட்சிக்கு மொத்த ஓட்டின்படி சேரவேண்டிய ஆசனங்களில் வட்டாரத்தில் வென்றதைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் பட்டியலிலிருந்து ஆள் எடுப்பார்கள். யாரை எடுப்பது என்பது கட்சியின் கையில். பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன்.

அவள் தாளை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "அப்ப தம்பி தோத்துப் போகணும், ஆனா கட்சிக்கு ஓட்டு நிறைய விழணும். அப்பத்தான் அந்தப் பிள்ளைக்கு இடம் வரும். அப்படித்தானே?"

நான் மறுபடியும் கழித்துப் பார்த்தேன். அப்படித்தான் வந்தது.

"சரி, அதுக்கு எங்க புள்ளடி போடணும்?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"நீங்களும் எலக்‌ஷன் கேக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.