சென்டிமென்ட் சாமான்

கோவைப் பக்கம் மூத்தோர் குடியிருப்பில் ஒற்றைப் படுக்கையறை வீடு அமர்ந்துவிட்டது. மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்வதுதான் பாக்கி. நியூஜெர்சியிலிருந்து வீடியோ காலில் மகன் மேற்பார்வை: "எதுக்குப்பா இவ்வளவு சாமான்? தூக்கிப் போடுங்க."

பெயர் பொறித்த எவர்சில்வர் அண்டா, கிரைண்டர், கொலுப்படி என்று அம்மாவின் சாமான் மதியத்துக்குள் கைமாறிவிட்டது. பரணை இறக்கினால் மிச்சமெல்லாம் மகனுடையது: கேரம் போர்டு, ஜிஆர்இ புத்தகம், பொறியியல் கல்லூரி ரெக்கார்டு நோட்டுகள்.

"ஐயோ, அதைப் போட்டுடாதீங்க! சென்டிமென்ட்!"

2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூத்த குடிமக்களைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை. ரெக்கார்டு நோட்டைக் கைவிட்டால் என்ன என்று அதில் இல்லை. அப்பா அபாயத்துக்குத் துணியவில்லை. குடியிருப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டார்: "ரெண்டு படுக்கையறைன்னா எவ்வளவு கூட ஆகும்?"